துப்பாத ரம்

டீ நன்றாக இருக்கிறது, சார். சர்க்கரை சரியாகப் போட்டிருக்கிறார்கள். அதைத் தாண்டி இந்த டீயைப் பற்றி என்னால் ஒன்றும் சொல்ல முடியாது. ஏன் என்பது போகப் போக உங்களுக்கே விளங்கும்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். நான் குடிகாரன் இல்லை. ரம் கம்பெனியில் தலைமை ருசி பார்ப்பவன் என்றதும், வாசலில் நிற்கிற உங்கள் காவலர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பாதிப் பொறாமை, பாதி இளக்காரம். பெண் கேட்டுப் போனபோது என் மாமனாரும் இப்படித்தான் பார்த்தார். உண்மை என்னவென்றால், இத்தனை வருஷத்தில் வேலை நேரத்தில் ஒரு சொட்டுகூட என் தொண்டையில் இறங்கியதில்லை. எங்கள் தொழிலில் விழுங்கக் கூடாது. மோந்து பார்க்க வேண்டும், வாயில் விட்டு நாக்கின் மூலை முடுக்கெல்லாம் ஒரு சுற்று அனுப்ப வேண்டும், பிறகு கிண்ணத்தில் துப்பிவிட வேண்டும். நாலு படித்த மனிதர்கள் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு, காலை வேளையில் வரிசையாக உட்கார்ந்து துப்புவதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். யோசித்துப் பார்த்தால் உங்களுக்கும் துப்புதான் பிழைப்பு, எனக்கும் துப்புதான் பிழைப்பு. நீங்கள் சிரிக்கவில்லை. பரவாயில்லை. என் மச்சினன் சிரித்திருப்பான்.

அவனைப் பற்றித்தானே கேட்கிறீர்கள், சொல்கிறேன். ஆனால் ரம்மைப் பற்றிச் சொல்லாமல் அவனைப் பற்றிச் சொல்ல முடியாது.

எங்கள் கம்பெனியின் சரக்கு கறுப்பு ரம். உள்பக்கம் கருக்கிய மரப் பீப்பாய்களில் வருஷக்கணக்காகத் தூங்கவிட்டு எடுப்பது. வாயில் வைத்தால் இனிப்பு என்று எல்லோரும் சொல்வார்கள். அது இனிப்பே இல்லை. பீப்பாய் சர்க்கரை தராது. வெல்லம் காய்ச்சுகிற மணம், உலர்ந்த திராட்சையின் மணம், வனிலா மணம் என்று என்னென்னவோ தரும். மூக்கு அதை வாங்கிக்கொண்டு நாக்கிடம் போய் இனிப்பு என்று கோள்மூட்டும். நாக்கும் நம்பிவிடும். அவசரக்காரக் கம்பெனிகள் என்ன செய்யும் தெரியுமா? இளம் ரம்மில் சர்க்கரைப் பாகைக் கலக்கி, நிறத்தை ஏற்றி, வயதைக் கூட்டிச் சொல்லி விற்கும். என் மச்சினன் எங்கள் அறைக்கு வந்த புதிதில் இப்படி ஒன்றை மோந்துவிட்டுச் சொன்னான்:

"மாமா, இது வயசு இனிப்பு இல்ல. கரண்டி இனிப்பு."

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அன்று முதல் எங்கள் கம்பெனியில் அதுதான் பாஷை. வயசு இனிப்பு, கரண்டி இனிப்பு. மேனேஜர்கூடப் புது ஆட்களைப் பற்றிப் பேசும்போது, "இவன் கரண்டி இனிப்புய்யா, வேணாம்" என்பார்.

அவனை வேலைக்குச் சேர்த்துவிட்டதே நான்தான். மனைவியின் தம்பி, வேலையில்லாமல் ஊர் சுற்றிக்கொண்டிருந்தான், மூக்கு மட்டும் அபாரம். பக்கத்து வீட்டில் யார் வந்திருக்கிறார்கள் என்பதைச் செருப்பைப் பார்க்காமலே சொல்வான். என்னைக் கம்பெனியில் மூக்கு சார் என்பார்கள். அவன் வந்த பிறகு அவனைச் சின்ன மூக்கு என்றார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. சின்ன மூக்கு என்று ஒன்று இருந்தால்தானே பெரிய மூக்கு என்று ஒன்று இருக்க முடியும்.

ஒரு மழைக்காலத்தில் எனக்குக் காய்ச்சல் வந்தது. பெரிய காய்ச்சல் இல்லை. மாத்திரை போட்டேன், படுத்தேன், எழுந்தேன். எழுந்த அன்று மனைவி பால் காய்ச்சிக் கொடுத்தாள். குடித்துவிட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அவள் தன் தம்ளரை வாயில் வைத்தவள், முகத்தைச் சுளித்துக் கீழே வைத்தாள்.

"என்னங்க, இப்படி அடிபிடிச்சுக் கெடக்கு. ஒரு வார்த்தை சொல்லல?"

"எனக்குப் பிடிச்சிருக்கு" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். நான் பேப்பரைப் புரட்டினேன். குளியலறைக்குப் போய்ச் சோப்பை மூக்கில் வைத்துப் பார்த்தேன். வழவழப்பாக இருந்தது. அவ்வளவுதான். ஷூவுக்குள் மூக்கை விட்டுப் பார்த்தேன். அங்கேயும் ஒன்றுமில்லை. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாத ஒரு மனிதனுக்கு வெளியில் பெரிய மூக்கு என்று பெயர்.

நாக்கு செத்துவிடவில்லை, சார். இனிப்பு, கசப்பு, புளிப்பு, உப்பு எல்லாம் தெரியும். ஆனால் முன்பே சொன்னேனே, பீப்பாய் தருவது எல்லாம் மூக்குக்குத்தான். எனக்கு மிஞ்சியது கரண்டி இனிப்பு மட்டும்.

திரும்பி வந்துவிடும் என்று காத்திருந்தேன். வரவில்லை. டாக்டரிடம் போகவில்லை. போனால் அவர் எழுதிக்கொடுப்பார், எழுதியது கம்பெனிக்குப் போகும். நாற்காலி போகும். அந்த நாற்காலியைப் பற்றி உங்களுக்குப் புரியாது. வடக்குப் பார்த்த ஜன்னலுக்குப் பக்கத்தில் இருக்கும். சோப்பு, செண்ட், சிகரெட் என்று எந்த வாசனையும் நுழையக் கூடாத, வெள்ளை ஓடு பதித்த அறை. இடுப்புப் பெருத்து வாய் சிறுத்த கண்ணாடிக் கோப்பைகள் வரிசையாக வரும். எந்தக் கோப்பையில் எந்த ரம் என்று யாருக்கும் தெரியாது. எல்லோரும் துப்பிவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள். நான் சொன்ன பிறகுதான் மற்றவர்கள் வாயைத் திறப்பார்கள். முதலாளியே ஆனாலும் அந்த அறையில் என் முகத்தைப் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

காய்ச்சலுக்குப் பிறகு வந்த முதல் வாரம் எதையெதையோ சொல்லிச் சமாளித்தேன். இரண்டாவது வாரம்தான் அதைக் கவனித்தேன். என் எதிரே உட்கார்ந்திருந்த மச்சினனின் தொண்டை.

கோப்பையை வாயில் சாய்த்தான், சுழற்றினான், கிண்ணத்தின் மேல் குனிந்தான். குனிந்தானே தவிரத் துப்பவில்லை. தொண்டை மேடு ஒரு முறை ஏறி இறங்கியது. வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான். அடுத்த கோப்பையை ஒழுங்காகத் துப்பினான். பிற்பாடு, எந்தக் கோப்பையில் எது என்று எழுதியிருந்த சீட்டைப் பிரித்துப் பார்த்தால், அவன் விழுங்கியது கிடங்கின் ஆகப் பழைய பீப்பாய். துப்பியது போன வருஷத்துச் சரக்கு.

எனக்குப் புரிந்துவிட்டது. நல்ல ரம்மைத் துப்ப அவனுக்கு மனசு வரவில்லை. அவ்வளவு ரசிகன். தொழில் ஒழுக்கம் கொஞ்சம் குறைவு. நான் அதைக் கண்டிக்கவில்லை.

கொஞ்ச நாளில் அந்தத் தொண்டையைப் படிக்கக் கற்றுக்கொண்டேன். முழுதாக விழுங்கினால் தங்கப் பதக்கம். பாதி விழுங்கிப் பாதி துப்பினால் வெள்ளி. உடனே துப்பினால் ஒன்றுமில்லை. துப்பிவிட்டுத் தண்ணீர் குடித்தால் கரண்டி இனிப்பு. ஒரு மனிதனின் தொண்டை இவ்வளவு ஒழுங்காகப் பேசுமா என்று நீங்கள் இப்போது கேட்பது போலவே ஒரு நாள் எனக்கும் தோன்றியது. சீட்டாடுகிறவர்களுக்குக் காது துடிக்கும், இவனுக்குத் தொண்டை என்று விட்டுவிட்டேன்.

தீர்ப்பு அவன் தொண்டையிலிருந்து வரும், வார்த்தை மட்டும் என்னுடையது. வார்த்தைக்கு மூக்கு தேவையில்லை. "ஈர மரம், பழைய தோல் பெட்டி, கடைசியில் லேசாகத் திராட்சை" என்பேன். மற்ற மூவரும் கண்ணை மூடித் தலையாட்டுவார்கள். ஒரு முறை வேண்டுமென்றே "பூட்டிக் கிடந்த நூலகம்" என்றேன். இளையவர் ஒருவர், "அதிலும் மேல் தட்டு, சார்" என்றார். அந்த அறையில் மூக்கு இல்லாதவன் நான் ஒருவன் மட்டும்தானா என்பதே எனக்குச் சந்தேகம்.

இப்படியே வருஷங்கள் போயின. முன்பைவிட என் பெயர் பெரிதாயிற்று. பல கம்பெனி ரம்களையும் சேர்த்து மதிப்பிடும் போட்டிக்கு என்னைத் தலைவராகப் போட்டார்கள். மச்சினனை எனக்கு எதிர் நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். அப்படி ஒரு போட்டியில்தான் அந்தச் சம்பவம் நடந்தது. பக்கத்து அறையில் ஏசி மெஷினின் ஒயர் கருகித் தீப்பிடித்துவிட்டது. கோப்பையை வைத்துவிட்டு எல்லோரும் கதவைப் பார்த்து ஓடினார்கள். எனக்கு என்ன தெரியும்? கோப்பையை மூக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன். மச்சினன் திரும்பி ஓடி வந்து என் தோளைப் பிடித்து இழுத்தான்.

"மாமா, எழுந்திருங்க. புகை வருது."

"அப்படியா" என்றேன். "நான் ரம்மில் இருந்தேன்."

அந்தக் கதை ஊரெல்லாம் பரவியது. கட்டடமே எரிந்தாலும் மூக்கு சார் கோப்பையைக் கீழே வைக்க மாட்டார் என்று மூக்கின் மேல் விரலை வைத்தார்கள். அன்று மச்சினன்தான் என்னை வீட்டுக்குக் கூட்டிவந்தான். வாசலில் இறக்கிவிட்டு, "அக்காகிட்ட சொல்லிடாதீங்க, பயந்துடுவா" என்றான். பிறகு அவனே உள்ளே போய் அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

இதெல்லாம் எதற்கு என்று பொறுமையிழக்கிறீர்கள். வந்துவிட்டேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்திருந்தான். இளைத்திருந்தான். கண்ணில் மஞ்சள் ஓடியிருந்தது. பாதித் தட்டிலேயே கையை எடுத்துவிட்டான்.

"மாமா, நான் வேலைய விடலாம்னு இருக்கேன்."

"எங்க? எதிர்க் கம்பெனிக்கா?"

"பிஸ்கட் கம்பெனில கூப்புடறாங்க. வெண்ணெய் கெட்டுப்போச்சா இல்லையான்னு மோந்து சொல்லணுமாம்."

"ரம்ம விட்டுட்டு பிஸ்கட்டாடா?"

"பிஸ்கட்ட முழுங்கலாம் மாமா. யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

நான் சிரித்தேன். என் மனைவி சிரிக்கவில்லை. "ஈரல் கெட்டுக் கெடக்குன்னு டாக்டர் சொல்லிட்டாருங்க" என்றாள். "இனிமே ஒரு சொட்டு உள்ள போகக் கூடாதாம்."

"துப்பத்தானடா சொல்லிக்குடுத்தேன் உனக்கு?"

"சொல்லிக்குடுத்தீங்கதான்" என்று அக்காவைப் பார்த்தான். அக்கா தட்டைப் பார்த்தாள். "மாமா, நீங்களும் விட்டுடுங்களேன். ரெண்டு பேரும் சேர்ந்தே வெளிய வந்துடலாம். வயசாச்சு, போதும்னு சொன்னா யாரு என்ன கேக்கப் போறாங்க?"

"அவன் சொல்றதுல என்னங்க தப்பு?" என்றாள் அவள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் சோற்றைத் தின்றுகொண்டே, என் வீட்டிலேயே, எனக்கு வயசாகிவிட்டது என்கிறார்கள். ஆனால் நான் கோபப்படவில்லை, சார். கோபப்படுகிறவன் தப்புச் செய்வான். நான் யோசித்தேன்.

கம்பெனி ஆண்டுவிழாவுக்கு ஒரு விசேஷ ரம் கலக்க வேண்டியிருந்தது. லேபிளில் என் படம் போடுவதாக முடிவாகியிருந்தது. எதிர் நாற்காலியில் அவன் இல்லாமல் அந்த வேலையை நான் செய்ய முடியாது. அவனைத் தடுக்கவும் முடியாது. சரி, நானும் விலகிவிடுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏன் விலகினார் என்று பேசுவார்கள். மூக்கு போய்விட்டதாம் என்று ஒருவன் சொல்வான். எப்போதிலிருந்து என்று இன்னொருவன் கேட்பான். அந்த 'எப்போதிலிருந்து' இருக்கிறதே, அதுதான் ஆபத்து. அது பின்னால் போய்க்கொண்டே இருக்கும். நான் கொடுத்த பதக்கம் ஒவ்வொன்றாகக் கழன்று விழும்.

ஆனால் துக்கத்தில் போன மூக்கு அப்படியில்லை. அதற்கு ஒரு தேதி இருக்கிறது. பிள்ளை மாதிரி வளர்த்த மச்சினன் போனான், அன்றோடு மனிதருக்கு வாசனையே தெரியாமல் போய்விட்டது என்றால், அந்தத் தேதிக்கு முன்னால் யாரும் கிளற மாட்டார்கள். கண்ணைத்தான் துடைத்துக்கொள்வார்கள். நான் எல்லாப் பக்கமும் பார்த்தேன். யாருக்கும் நஷ்டமில்லாத வழி வேறு இருந்ததாக எனக்குப் படவில்லை. அவன் எப்படியும் போகப்போகிறவன்தான்.

பீப்பாய்க் கிடங்கில் எலிக்கு வைக்கிற மருந்து இருந்தது. பெயரையும் மற்ற விவரத்தையும் உங்கள் பெரிய அதிகாரியிடம் சொல்லிவிட்டேன். மருந்து எனக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. ரம்தான் பெரிய விஷயம். யோசித்துப் பாருங்கள். சுமாரான ரம்மில் மருந்தைக் கலந்தால் அவன் துப்பிவிடுவான். துப்பினால் பிழைத்துக்கொள்வான். அவன் விழுங்க வேண்டுமென்றால் அது தங்கமாக இருக்க வேண்டும். மூக்கில்லாத நான், தனியாக, என் வாழ்நாளின் மிகச் சிறந்த ரம்மைக் கலந்தாக வேண்டும்.

உண்மையைச் சொல்கிறேன், பல வருஷம் கழித்து அன்றுதான் வேலையில் எனக்குச் சந்தோஷம் வந்தது. அவன் தொண்டை ஏறி இறங்கிய பீப்பாய்கள் எல்லாம் எனக்கு மனப்பாடம். அவற்றிலிருந்து மட்டும் எடுத்தேன். ஒன்றில் கொஞ்சம், இன்னொன்றில் கொஞ்சம், நாக்கில் வைத்துப் பார்த்துப் பார்த்து. மருந்தின் கசப்பு எட்டிப் பார்த்தால் தெரியாமலிருக்கப் பாகு கொஞ்சம் சேர்த்தேன். என் நாக்குக்குப் போதவில்லை, இன்னும் கொஞ்சம் சேர்த்தேன். மருந்து சேர்ப்பதற்கு முன்னால் வாயில் விட்டுச் சுழற்றியபோது நன்றாக இருந்தது. நான் அதைத் துப்பிவிட்டேன்தான், ஆனால் வருத்தத்தோடு துப்பினேன்.

அவனுடைய கடைசி வேலை நாள். விடைகொடுக்கக் கீழே கேக் வந்திருந்தது, எல்லோரும் அங்கே போயிருந்தார்கள். வெள்ளை அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். கோப்பையை அவன் முன்னால் வைத்தேன்.

"ஆண்டுவிழா ரம்டா. உன் வாய்ல பட்டுட்டுப் போகட்டும்."

ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள், சார். துப்புகிற கிண்ணம் எப்போதும் போல அவன் இடது கைப்பக்கம் இருந்தது. அதை நான் நகர்த்தவில்லை. கொலைகாரனாக இருந்தால் நகர்த்தியிருப்பேன். நல்லது என்றால் விழுங்கு, கெட்டது என்றால் துப்பு, அவனுக்கு முழுச் சுதந்திரம் கொடுத்தேன்.

கோப்பையை மோந்தான். என்னைப் பார்த்தான். மறுபடி மோந்தான்.

"மாமா, இத நீங்க தனியாவா கலந்தீங்க?"

"தனியாத்தான். ஏன்?"

"பீப்பாயெல்லாம் நீங்களே பாத்து எடுத்தீங்களா?"

"வேற யாரு உங்க தாத்தாவா எடுப்பாரு? எப்படி இருக்கு, அதச் சொல்லு."

"நான் என்னிக்கு மாமா சொல்லியிருக்கேன்? நீங்கதான சொல்லுவீங்க."

பேச்சில் அவனை யாரும் மடக்க முடியாது. கோப்பையைச் சாய்த்தான். கன்னம் உப்பியது. வழக்கமாகச் சட்டென்று முடித்துவிடுவான், அன்று வெகுநேரம் வாயிலேயே வைத்திருந்தான். கண் கலங்கியது. மிக உயர்ந்த ரம் சில பேருக்குக் கண்ணீரை வரவழைக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், பார்த்ததில்லை. அவன் இடது கை கிண்ணத்தின் பக்கம் போனது. ஒப்புக்கொள்கிறேன், அந்தச் சமயத்தில் மருந்து என் ஞாபகத்திலேயே இல்லை. துப்பிவிடாதே, நன்றாகத்தானே கலந்திருக்கிறேன், துப்பிவிடாதே என்று அவன் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் பார்ப்பதை அவன் பார்த்தான்.

கை திரும்பி வந்தது. தொண்டை ஏறி இறங்கியது.

"தங்கம், மாமா" என்றான்.

அவன் வாயால் தீர்ப்புச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அவன் சிரித்தான். "இன்னிக்கு ஒரு நாள்தான. டாக்டர்கிட்டப் போட்டுக்குடுத்துடாதீங்க" என்று சொல்லி, மிச்சமிருந்ததையும் ஒரே மடக்கில் குடித்துவிட்டு, கோப்பையைக் கவிழ்த்துக் காட்டினான். ஒரு சொட்டு விழவில்லை. பிறகு தண்ணீர் கேட்டான். கொடுத்தேன். இரண்டு தம்ளர் குடித்தான். கீழே போய்க் கேக் வெட்டினான்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் உயிர் போய்விட்டது. ஈரல் முன்பே கெட்டிருந்ததால் டாக்டர்கள் அதிகம் யோசிக்கவில்லை. துக்க வீட்டில் முதலாளி என் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு எந்த வாசனையும் தெரியலைங்க" என்றேன். பல வருஷத்தில் நான் சொன்ன முதல் உண்மை. சொன்ன உடனே எல்லோரும் நம்பினார்கள். ஓய்வெடுங்கள் என்றார்கள். நாற்காலி உங்களுடையதுதான், யாரும் உட்கார மாட்டார்கள் என்றார்கள். எல்லாம் நினைத்தபடியே நடந்தது.

மிச்ச ரம் இருந்த பாட்டிலைக் கொட்டியிருக்க வேண்டும். தெரியும். நீங்கள் கேட்கும் முன்பே சொல்கிறேன், எனக்கு மனசு வரவில்லை. தங்கம் என்று சொன்ன ரம்மை எவன் கொட்டுவான்? வெள்ளை அறை அலமாரியின் பின்பக்கம் வைத்திருந்தேன். மச்சினன் சாமான்களை எடுக்க என்னோடு வந்த மேனேஜர் கண்ணில் அது பட்டுவிட்டது. சின்ன மூக்கு கடைசியாக ருசி பார்த்த ரம் இதுதானா, அவன் பேரிலேயே விற்கலாமே என்று உருகிப்போய் மூடியைத் திறந்தார். மோந்தார். முகம் சுருங்கிவிட்டது.

"என்னய்யா இது, பெயிண்ட்ல பாகு காய்ச்சின மாதிரி நாறுது? எவன் கலந்தது?"

பாட்டில் கை மாறியது. கூட இருந்த இருவரும் மோந்தார்கள். பூட்டிக் கிடந்த நூலகத்தில் மேல் தட்டு வரைக்கும் ஏறிய அந்த இளையவர் இருமியே விட்டார். "கரண்டி இனிப்புகூட இல்ல சார், இது வாளி இனிப்பு" என்றார்.

சிரித்தார்கள். என் முன்னால். என் ரம்மைப் பார்த்து.

"அது மருந்து நாத்தம்" என்றேன். "மருந்தக் கழிச்சிட்டு மோந்து பாருங்க."

சிரிப்பு நின்றது. மேனேஜர் மெதுவாகப் பாட்டிலைக் கீழே வைத்தார்.

"என்ன மருந்து?" என்று கேட்டார்.

வாழ்நாளெல்லாம் துப்பியே பழகியவன், சார். அன்று ஒரே ஒரு வார்த்தையை விழுங்கத் தெரியவில்லை. அதனால்தான் இப்போது உங்கள் எதிரில் உட்கார்ந்திருக்கிறேன். ஆம், நான்தான் செய்தேன். தெரிந்து செய்தேன், யோசித்துச் செய்தேன். அதில் எந்த மறுப்பும் இல்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன்.

ஆனால் சற்று முன்னால் நீங்கள் சொன்ன இரண்டு விஷயத்தை என்னால் ஏற்றுக்கொள்ள முடியாது.

ஒன்று, அந்த மருந்துக்கு வாசனையே கிடையாது என்று உங்கள் ஆய்வகத்துக்காரர் சொன்னது. அவர் படித்தவர், மறுக்கவில்லை. ஆனால் ருசி பார்க்கிறவர் இல்லையே. எது மருந்து, எது ரம் என்று பிரித்துப் பார்க்க அவருக்கு என்ன பயிற்சி இருக்கிறது?

இன்னொன்று, என் மனைவி சொன்னதாக நீங்கள் சொன்னது. அடிபிடித்த பாலைக் குடித்த அன்றே அவளுக்குத் தெரிந்துவிட்டதாம். தம்பியிடம் சொல்லி அழுதாளாம். நேரில் சொன்னால் அவர் தாங்க மாட்டார், நீதான் ஏதாவது செய்து காப்பாற்ற வேண்டும் என்றாளாம். நல்லதை விழுங்கிக் காட்டுகிறேன் அக்கா, அவராகவே பார்த்துக்கொள்வார் என்று அவன் சொன்னானாம். ஈரல் போனதே அதனால்தானாம். "அவன் முழுங்கினது ரம்ம இல்ல, அவரோட மானத்த" என்று சொல்லிவிட்டு, என்னைப் பார்க்க மாட்டேன் என்று எழுந்து போய்விட்டாளாம்.

பாவம், அவள். உடன்பிறந்தவனைப் பறிகொடுத்தவள். துக்கத்தில் மனிதர்கள் எதையாவது இட்டுக்கட்டிச் சொல்லத்தான் செய்வார்கள். துக்கத்தைப் பற்றி எனக்குத் தெரியும்.

அவள் அந்த அறையில் இல்லை, சார். நீங்களும் இல்லை. கிண்ணம் அவன் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. கைகூட அது வரைக்கும் போனது. போய்த் திரும்பியது. அதைப் பார்த்தவன் நான் ஒருவன்தான். நீங்கள் எழுதுவதில் மற்றதை எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், இதை மட்டும் நான் சொன்னபடியே எழுதுங்கள்: ரம் நன்றாக இருந்தது. மோசமான ரம்மை என் மச்சினன் விழுங்க மாட்டான்.